முகமறியா வணிகரை நம்புவது எவ்வாறு? வணிகர் சட்டம் வளர்ந்த வரலாறு

உழவனின் நிலம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. அதுபற்றி எழும் வழக்கை அவ்வூர் மன்றமே கேட்டுத் தீர்த்துவிட இயலும். வணிகனின் சரக்கோ ஓரிடத்தில் நில்லாதது. அவன் ஒரு நாட்டில் கொள்முதல் செய்து, கடல் வழியே அனுப்பி, வேறொரு நாட்டில் விற்கிறான். இடையில் சரக்குக் கெட்டாலும், விலை வந்து சேராவிட்டாலும், பணச்சீட்டுக் களவு போனாலும் எந்த நாட்டுச் சட்டத்தைக் கொண்டு நியாயம் கேட்பது? அவனுடைய மொழியறியாத நீதிபதி அவனுடைய தொழில்வழக்கத்தை எங்ஙனம் அறிவார்? வழக்கு முடியும்வரை அவன் அயல்நாட்டில் காத்திருத்தல் கூடுமோ?

இவ்வினாக்களுக்கு விடை தேடிய முயற்சிகளின் தொகுப்பே வணிகர் சட்டம் என்பது. இதனை இலத்தீன் மொழியில் 'லெக்ஸ் மெர்க்கட்டோரியா' என்பர். நம் சமுதாயத்தில் வாணிகத்தையே வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டாதலின், இதன் வரலாற்றை ஒருமுறை தொடர்ந்து நோக்குதல் பயனுடைத்தாகும். நோக்கும்போது ஒரு வினாவை நாம் கைவிடாது பற்றிக்கொள்வோம். மூன்றாமவன் ஒருவன் செய்த வஞ்சகத்தால் குற்றமற்ற இருவரிடையே இழப்பு நேருமாயின், அவ்விழப்பை யார் சுமப்பது? வணிகர் சட்டம் காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதை அறிய இவ்வொரு வினாவே நல்ல அளவுகோலாக அமைகின்றது.

சந்தையில் பிறந்த நீதி

12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சின் வடகிழக்குப் பகுதியான ஷாம்பேனில் பெருஞ்சந்தைகள் கூடின. த்ருவா, ப்ரோவேன், லாஞி, பார்-சுர்-ஓப் என்னும் நான்கு ஊர்களில் ஆண்டுக்கு ஆறு சந்தைகள் முறைவைத்து நடைபெற்றன. ஒன்று முடிய மற்றொன்று தொடங்குமாதலால், ஆண்டின் பெரும்பகுதியும் வாணிகம் ஓயவில்லை. வடக்கேயிருந்து பிளாண்டர்சு நாட்டார் கம்பளித் துணியைக் கொணர்ந்தனர். தெற்கேயிருந்து இத்தாலிய வணிகர் கீழைநாட்டு நறுமணப் பொருள்களையும் பட்டையும் கொணர்ந்தனர்.

இச்சந்தைகளில் 'சந்தைக் காவலர்' எனப்பட்ட அலுவலர் இருந்தனர். கடன்பட்டவன் செலுத்தாது ஊர் திரும்பிவிட்டால், அக்காவலர் அவனுடைய ஊராட்சிக்கு ஓலை விடுப்பர். அவ்வூரார் கடனை வசூலித்துத் தர மறுப்பாராயின், அவ்வூர் வணிகர் எவரும் இனிச் சந்தைக்கு வரலாகாது என்று தடை விதிப்பர். ஒருவன் செய்த பிழை ஊரார் அனைவருடைய பிழைப்பையும் கெடுக்குமாதலால், ஊராரே அவனைத் தேடிப்பிடித்துக் கடனைத் தீர்க்கச் செய்தனர்.

இங்கிலாந்தின் சந்தைகளில் 'தூசிக்கால் மன்றங்கள்' இருந்தன. வழிநடந்து வந்த வணிகரின் காலில் படிந்த தூசியால் இப்பெயர் வழங்கியது என்பர். காலில் படிந்த தூசி உதிர்வதற்குள் தீர்ப்புக் கிடைக்கவேண்டும் என்பது கருத்து. 1303-ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னர் அயல்நாட்டு வணிகருக்கு ஒரு சாசனம் அளித்தார். அவர்களுடைய வழக்குகளை வணிகர் சட்டப்படி விரைந்து தீர்க்கவேண்டும் என்றும், உள்நாட்டாருக்கும் அயல்நாட்டாருக்கும் இடையே வழக்கு எழுந்தால் நடுவர் குழுவில் ஒரு பாதியினர் அயல்நாட்டாராக இருத்தல்வேண்டும் என்றும் அது விதித்தது. அயலானை அவனுடைய பகைவரே விசாரிக்கலாகாது என்னும் உயர்ந்த கருத்து அக்காலத்திலேயே சட்டமாகியதை நாம் போற்றுதல் தகும்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பலர், அரசின் துணையின்றி வணிகர் தாமே படைத்துத் தாமே காத்த ஒரே பொதுச்சட்டம் ஐரோப்பா முழுவதும் நிலவியதாக எழுதிவந்தனர். அண்மைக்கால ஆய்வாளர் இதனை ஏற்கவில்லை. சந்தைக் காவலர் ஷாம்பேன் பிரபுக்களின் அலுவலரேயன்றி வணிகர் தேர்ந்தெடுத்தவர் அல்லர் என்றும், வணிகவழக்கம் ஊருக்கு ஊர் வேறுபட்டது என்றும் அவர்கள் காட்டுகின்றனர். ஜெரமி எட்வர்ட்ஸ், ஷீலா ஒகில்வி ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, 1285-க்குப் பின் ஷாம்பேன் பிரெஞ்சு மன்னரின் ஆட்சிக்குட்பட்டு, அயல்வணிகருக்கு முன்னிருந்த பாதுகாப்புக் குறைந்ததே சந்தைகள் நலிவதற்குக் காரணமாயிற்று என்று வாதிடுகின்றது. எனவே வழக்கத்தை வணிகர் படைத்தனர். அதற்கு வலிமையை ஆட்சி அளித்தது என்று கொள்வதே பொருத்தம்.

நம் நாட்டு நூல்களும் இவ்வாறே கூறுகின்றன. வணிகக் குழுக்களாகிய சிரேணிகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளை அரசன் காத்தல்வேண்டும் என்பது யாக்ஞவல்கியர், நாரதர் ஆகியோரின் தரும நூல்களில் காணப்படும் விதியாகும்.

பணம் சீட்டாகியது

பொன்னையும் வெள்ளியையும் சுமந்துகொண்டு நெடுவழி செல்லுதல் ஆபத்து. ஆகவே இத்தாலிய வணிகர் மாற்றுச்சீட்டு என்னும் கருவியைக் கையாண்டனர். பிளாரன்சு நகரில் ஒருவன் அங்குள்ள வங்கியாளனிடம் பணம் கட்டுவான். அவ்வங்கியாளன் புரூகசு நகரிலுள்ள தன் கூட்டாளிக்கு, 'இன்னாருக்கு இத்தவணையில் இவ்வளவு கொடுக்க' என்று எழுதித் தருவான். பொன் இருந்த இடத்திலேயே இருக்க, சீட்டு மட்டும் வழிநடந்தது.

பின்னர் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் சீட்டின் பின்புறம் எழுதிக் கையொப்பமிட்டு வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் வழக்கம் பரவியது. இச்சிறு வழக்கம் பெரும் மாறுதலை விளைத்தது. அதற்குமுன் சீட்டு ஒருவரையொருவர் அறிந்தோரிடையே வழங்கியது. அதன்பின் கைக்குக் கை மாறி, எழுதினவனை ஒருநாளும் கண்டிராதவன் கையிலும் போய்ச் சேர்ந்தது. நாம் மேலே எழுப்பிய வினா அப்பொழுதுதான் கூர்மை பெற்றது. களவாடிய சீட்டை, களவென்று அறியாமல் விலைகொடுத்து வாங்கியவனுக்கு உரிமை உண்டா?

இரண்டு நீதிபதிகள்

இங்கிலாந்தின் தலைமை நீதிபதி ஹோல்ட், 1700-களின் தொடக்கத்தில் கடனுறுதிச் சீட்டைப் பற்றிய வழக்குகளை விசாரித்தார். அச்சீட்டு மாற்றுச்சீட்டைப்போல் கைமாறத்தக்கது என்று வணிகர் கூறியதை அவர் ஏற்க மறுத்தார். இலண்டன் வணிகவீதியார் நீதிமன்றத்துக்குச் சட்டம் கற்பிப்பதா என்பது அவருடைய சினம். வணிகர் முறையிட்டனர். 1704-இல் பாராளுமன்றம் சட்டமியற்றி, கடனுறுதிச் சீட்டும் கைமாறத்தக்கதே என அறிவித்தது.

அரை நூற்றாண்டு சென்றபின் 1756-இல் தலைமை நீதிபதியாக அமர்ந்த மான்ஸ்ஃபீல்டு பிரபு முற்றிலும் மாறான வழியைப் பின்பற்றினார். அவர் வணிகரையே சிறப்பு நடுவர் குழுவாக அமர்த்தினார். அவர்களோடு ஒருங்கிருந்து உண்டு, தொழிலின் வழக்கங்களைக் கேட்டறிந்தார். அவற்றை இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தில் சேர்த்தார். 1788 வரை அவர் பதவியிலிருந்த காலத்தில் வணிகர் சட்டம் அந்நாட்டுச் சட்டத்தின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது.

அவர் 1758-இல் தீர்த்த வழக்கு ஒன்றை நாம் விரிவாக அறிதல் வேண்டும். ஃபின்னி என்பவர் இலண்டனிலிருந்து வெளியூருக்கு, 21 பவுன் 10 ஷில்லிங் மதிப்புள்ள வங்கிச்சீட்டு ஒன்றை அஞ்சலில் அனுப்பினார். 1756-ஆம் ஆண்டு டிசம்பர் 11 அன்று இரவு அவ்வஞ்சல் வண்டி கொள்ளையிடப்பட்டது. அச்சீட்டு மறுநாளே மில்லர் என்னும் விடுதிக்காரர் கைக்கு வந்தது. அவர் அது கொள்ளைப்பொருள் என்று அறியார். வழக்கமான வாணிகத்தில் முழுமதிப்புக் கொடுத்தே பெற்றார். ஃபின்னியோ செய்தியறிந்தவுடன் வங்கிக்குத் தெரிவித்துப் பணம் தருவதை நிறுத்தியிருந்தார். மில்லர் சீட்டை நீட்டியபோது, ரேஸ் என்னும் வங்கி எழுத்தர் பணமும் தரவில்லை. சீட்டையும் திருப்பித் தரவில்லை. மில்லர் வழக்கிட்டார்.

ஃபின்னியும் குற்றமற்றவர், மில்லரும் குற்றமற்றவர். பசுவோ குதிரையோ களவு போயிருந்தால், வாங்கியவர் அறியாது வாங்கினும் உரியவரிடமே அது திரும்பச் சேரும் என்பது அக்காலச் சட்டத்தின் பொதுவிதி. வங்கிச்சீட்டு அத்தகைய சரக்கன்று, வணிக உலகில் அது பணமாகவே கருதப்படுகிறது என்று மான்ஸ்ஃபீல்டு கூறினார். நல்ல நம்பிக்கையுடன், மதிப்புக் கொடுத்துப் பெற்றவரிடமிருந்து அதனைப் பறிக்கலாகாது என்று மில்லருக்கே தீர்ப்பளித்தார். பறிக்கலாம் என்றால், சீட்டை வாங்கும் ஒவ்வொருவரும் அதன் பழைய வரலாற்றை எல்லாம் விசாரிக்கவேண்டி வரும், வாணிகம் நின்றுவிடும்.

இத்தீர்ப்பால் உலக வாணிகம் விரைவு பெற்றது உண்மை. அவ்விரைவுக்கான விலையை ஒரு குற்றமற்றவர் செலுத்தினார் என்பதும் உண்மை. சட்ட நூல்கள் மில்லரின் பெயரைப் பெரிதும் நினைவுகூர்கின்றன. ஃபின்னியின் இழப்பையும் நாம் நினைவில் வைத்தல் நன்று.

நம் கடைவீதியின் விடை

அதே வினாவிற்கு இந்தியக் கடைவீதி வேறொரு விடை கண்டது. வடநாட்டில் ஹுண்டி என்றும் நம் பக்கத்தில் உண்டியல் என்றும் வழங்கிய பணச்சீட்டு, குசராத்தி, மார்வாரி வணிகர் பல தலைமுறையாகக் கையாண்ட கருவியாகும். கண்டவுடன் பணம் தரவேண்டியது 'தரிசனி'. தவணை கழித்துத் தரவேண்டியது 'முத்தத்தி'. சரக்குக் கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தால் மட்டுமே பணம் தரவேண்டும் என்னும் 'ஜோக்கமி' ஹுண்டி, பணச்சீட்டாகவும் கடற்காப்பீடாகவும் ஒருங்கே விளங்கியது. ஹுண்டி தொலைந்தால் 'பேட்டு' என்னும் இரண்டாம் படி எழுதித் தருவர். அதுவும் தொலைந்தால் 'பர்பேட்டு' என்னும் மூன்றாம் படி உண்டு. பணம் கொடுத்துத் தீர்ந்த ஹுண்டி 'கோக்கா' எனப்பட்டது.

இவற்றுள் நம் வினாவிற்கு நேர்விடையாவது 'ஷாஜோக்' ஹுண்டி. இதற்குரிய பணத்தைக் கொணர்ந்த எவருக்கும் கொடுக்கலாகாது. கடைவீதியில் நன்மதிப்புப் பெற்ற 'ஷா' ஒருவர் வழியாக மட்டுமே கொடுத்தல் வேண்டும். கொடுப்பவர் அவர் தக்க ஷாதானா என்று விசாரித்துக் கொடுப்பது கடமை. பின்னர் அந்த ஹுண்டி பொய்யென்றோ களவென்றோ வெளிப்பட்டால், பணம் பெற்ற ஷா திருப்பித் தரப் பொறுப்பாவார். எனவே ஷா தம்மிடம் ஹுண்டி கொணர்ந்தவனைத் தாமும் நன்கு ஆராய்ந்த பின்னரே ஏற்பார். அஞ்சல் வண்டியைக் கொள்ளையிட்டவன் ஷாஜோக் ஹுண்டியைக் கைப்பற்றினும் அதனைப் பணமாக்குதல் அவனுக்கு எளிதன்று.

இலண்டனின் விடையையும் கடைவீதியின் விடையையும் ஒப்புநோக்குவோமாக. அங்கே இழப்பு, சீட்டைப் பறிகொடுத்தவர்மீது விழுந்தது. இங்கே இழப்பு, பெயர்பெற்ற ஒருவர் தாமே முன்வந்து ஏற்ற பொறுப்பாயிற்று. முன்னது விரைவுடையது, எவரும் எவரோடும் வணிகம் செய்ய இடமளிப்பது. பின்னது காவலுடையது, ஆயின் ஷாக்களை அறிந்தவர் வட்டத்துக்குள்ளேயே பெரிதும் வழங்குவது. இரண்டிலும் நன்மை உண்டு, குறையும் உண்டு.

ஆங்கிலேயர் 1881-இல் இந்திய மாற்றுமுறை ஆவணச் சட்டத்தை இயற்றினர். இங்கிலாந்து தன் மாற்றுச்சீட்டுச் சட்டத்தை இயற்றியது அதற்கு அடுத்த ஆண்டில்தான். இந்தியச் சட்டத்தின் முதற்பிரிவே, கீழைநாட்டு மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்களைப் பற்றிய உள்ளூர் வழக்கங்களை அச்சட்டம் பாதிக்காது என்று விலக்களிக்கின்றது. சட்டமே தங்கள் சீட்டை ஆளவேண்டும் என்று விரும்புவோர் அதனைச் சீட்டிலேயே எழுதிக்கொள்ளலாம். நம் முன்னோரின் தொழில்வழக்கம் இவ்வாறு எழுதப்பட்ட சட்டத்துக்குள்ளும் தனக்கென ஓர் இடம் பெற்றது.

நாடுதோறும் ஒரு சட்டம்

17-ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய அரசுகள் வணிகர் சட்டத்தைத் தத்தம் நாட்டுச் சட்டமாகத் தொகுக்கலாயின. பிரான்சில் 1673-இல் நிலவாணிகத்துக்கும் 1681-இல் கடல்வாணிகத்துக்கும் ஆணைகள் பிறந்தன. 1807-இல் நெப்போலியனின் வணிகச் சட்டத் தொகுப்பு வந்தது. ஜெர்மானிய நாடுகள் 1861-இல் பொது வணிகத் தொகுப்பை உருவாக்கின.

இதனால் சட்டம் தெளிவு பெற்றது; அதேவேளை எல்லைகளும் பெற்றது. ஒரே மாற்றுச்சீட்டு ஒரு நாட்டில் செல்லுபடியாகி, அடுத்த நாட்டில் செல்லாததாயிற்று. இதனை நீக்க 1930-இல் ஜெனீவாவில் ஒருசீர்மைச் சட்டம் வகுக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் பல அதனை ஏற்றன. இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஏற்கவில்லை. ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றிய இந்தியாவும் அதற்கு வெளியிலேயே நின்றது.

மீண்டும் பொதுச்சட்டம் நோக்கி

20-ஆம் நூற்றாண்டில் வணிகரும் அரசுகளும் தனித்தனி வழிகளில் பொதுவிதிகளை நாடினர். முதற்கண் வணிகர் வழியை நோக்குவோம். 1919-இல் தோன்றிப் பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வணிகச் சங்கம், 1933-இல் வங்கி உறுதிக் கடிதங்களுக்கான ஒருசீரான விதிகளையும், 1936-இல் 'இன்கோடெர்ம்ஸ்' எனப்படும் விற்பனைச் சொற்களின் விளக்கத்தையும் வெளியிட்டது. எப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்று நம் ஏற்றுமதியாளர் நாள்தோறும் எழுதும் சொற்களுக்குப் பொருள் கூறுவது இதுவே. இவற்றை எந்தப் பாராளுமன்றமும் இயற்றவில்லை; இருதரப்பாரும் தம் உடன்படிக்கையில் எழுதிக்கொள்வதால் இவை அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன.

அரசுகளின் வழியில், 1926-இல் உரோமையில் யுனிட்ராய் என்னும் நிறுவனமும், 1966-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தீர்மானத்தால் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையமும் தோன்றின. பன்னாட்டுச் சரக்கு விற்பனை குறித்த ஒப்பந்தம் 1980-இல் வியன்னாவில் நிறைவேறி, 1988 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளுக்குப் பொருள் காணும்போது பன்னாட்டு வாணிகத்தில் நல்ல நம்பிக்கை நிலவவேண்டியதையும் கருதவேண்டும் என்று அதன் 7-ஆம் விதி கூறுகின்றது. வணிகர் தம்முள் ஏற்றுக்கொண்ட வழக்கங்கள் அவர்களைக் கட்டுப்படுத்தும் என்று 9-ஆம் விதி கூறுகின்றது. சந்தைக் காலத்து வழக்கம் இவ்வாறு உலக ஒப்பந்தத்தில் மீண்டும் இடம் பெற்றதைக் காண்கிறோம். யுனிட்ராய் 1994-இல் வெளியிட்ட வணிக உடன்படிக்கை நெறிகள் இன்னும் ஒருபடி மேற்சென்று, நல்ல நம்பிக்கையோடு நடக்கும் கடமையை இருதரப்பாரும் இசைந்தாலும் நீக்கிக்கொள்ள இயலாது என்கின்றன.

நீதி வழங்கும் முறையிலும் மாறுதல் வந்தது. 1958-இல் நியூயார்க் ஒப்பந்தம், ஒரு நாட்டில் நடுவர் அளித்த தீர்ப்பை மற்ற நாட்டு நீதிமன்றங்கள் ஏற்று நிறைவேற்ற வழிசெய்தது. இந்தியா 1960-இல் அதனை ஏற்றது. இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. ஐக்கிய நாடுகள் ஆணையத்தின் 1985-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தைத் தழுவி இந்தியா 1996-இல் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தை இயற்றியது.

எந்த நாட்டுச் சட்டத்தையும் சாராமல், வணிகர் சட்டம் ஒன்றையே கொண்டு நடுவர் தீர்ப்பளிக்கலாமா என்ற வினாவும் எழுந்தது. துருக்கியைச் சேர்ந்த முகவர் நிறுவனம் ஒன்றுக்கும் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்கும் எழுந்த வழக்கில், 1979-இல் நடுவர்கள் அவ்வாறே செய்தனர். முகவர் உடன்படிக்கையை நல்ல நம்பிக்கைக்கு மாறாக முறித்ததற்கு இழப்பீடு தருமாறு பணித்தனர். 1982-இல் ஆஸ்திரிய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பு நிற்கும் என்றது. அதனை நிறைவேற்றுதற்கும் நிலைநிறுத்துதற்கும் நாட்டு நீதிமன்றங்களின் துணையே தேவைப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது.

வங்கி என்னும் புதிய ஷா

இன்றைய ஏற்றுமதி வாணிகத்தில் முகமறியா இருவரை இணைப்பது, எல்.சி. என வழங்கும் வங்கி உறுதிக் கடிதம். வாங்குபவரின் வங்கி, 'குறித்த ஆவணங்களை முறைப்படி அளித்தால் பணம் தருவோம்' என்று விற்பவருக்கு உறுதியளிக்கிறது. விற்பவர், வாங்குபவரை நம்பவேண்டுவதில்லை. வங்கியின் பெயரை நம்பினாற் போதும். கடைவீதி ஷா வகித்த இடத்தில் இன்று வங்கி அமர்ந்திருக்கிறது எனலாம்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வங்கி ஆவணத்தைத்தான் பார்க்கும், சரக்கைப் பார்க்காது. ஆவணம் செம்மையாக இருந்து சரக்குப் பொய்யாக இருந்தால் என்னாகும்? 1941-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் இவ்வினா எழுந்தது. அந்நகர வணிகர் ஒருவர் தூரிகை செய்வதற்கு உதவும் முரட்டு மயிரை இலக்னோவிலிருந்த ஒரு நிறுவனத்தினிடம் வாங்க இசைந்திருந்தார். 50 பெட்டிகள் கப்பலேறின. ஆவணங்கள் முறையாக இருந்தன. பெட்டிகளில் இருந்தவை பயனற்ற மயிரும் குப்பையுமே என்று முறையிட்டு, பணம் கொடுப்பதைத் தடுக்குமாறு வாங்குபவர் வேண்டினார். அவருடைய முறையீட்டை உண்மை எனக் கொண்டே வழக்கை ஆராய்ந்த நீதிமன்றம், சரக்கின் தரக்குறைவு வேறு, அறிந்து செய்த வஞ்சகம் வேறு என்று பிரித்தது. பணம் கொடுக்குமுன் வஞ்சகம் வெளிப்பட்டுவிட்டால், வங்கி உறுதிக் கடிதம் வஞ்சகனுக்குக் கேடயமாகாது என்றது. ஆயின் வஞ்சகத்தை அறியாது மதிப்புக் கொடுத்து அச்சீட்டைப் பெற்ற மூன்றாமவர் வந்திருந்தால், அவருடைய உரிமை காக்கப்பட்டிருக்கும் என்பதையும் சுட்டியது. மான்ஸ்ஃபீல்டின் விதி இங்கும் உயிரோடிருக்கக் காண்கிறோம்.

அறம் முன்பே கேட்ட வினா

மேற்கண்ட வழக்குகள் அனைத்திலும் நீதிமன்றம் கேட்ட கேள்வி ஒன்றே. 'இவன் அறிந்து செய்தானா, அறியாது செய்தானா?' இங்கே நம் இல்லறத்தார் நெறியை நினையாதிருக்க இயலாது. தத்துவார்த்த சூத்திரம் அணுவிரதங்களுக்கு நேரும் அதிசாரங்களைத் தொகுத்துரைக்கின்றது. வாய்மை விரதத்துக்குரிய குற்றங்களுள் பொய்யாவணம் எழுதுதலாகிய கூடலேகக் கிரியையும், அடைக்கலப் பொருளைக் கவர்தலாகிய நியாசாபகாரமும் உள்ளன. கள்ளாமை விரதத்துக்குரிய குற்றங்களாகக் களவைத் தூண்டுதல், களவுப் பொருளை ஏற்றல், அரசின் முறைக்கு மாறாக நடத்தல், அளவையிலும் நிறையிலும் ஏமாற்றுதல், போலிச் சரக்கை விற்றலாகிய பிரதிரூபக வியவகாரம் ஆகிய ஐந்தும் கூறப்படுகின்றன. இவை முழுவதும் வணிகர் வாழ்வைக் கண்முன் வைத்து வகுத்தவை போலவே தோன்றுகின்றன. இலண்டன் வழக்கில் எழுந்தது களவுப் பொருளை ஏற்றல் பற்றிய வினா. நியூயார்க் வழக்கில் எழுந்தது போலிச் சரக்குப் பற்றிய வினா.

சட்டத்துக்கும் விரதத்துக்கும் வேறுபாடும் உண்டு. சட்டம் இழப்பு நேர்ந்தபின் வந்து, அதனை யார் சுமப்பது என்று பங்கிடுகிறது. விரதம் இழப்பு நேருமுன் நின்று, அதனை விளைக்கும் செயலையே தடுக்கிறது. சட்டம் எவ்வளவு நுட்பமாக வளர்ந்தாலும், ஃபின்னிக்கும் மில்லருக்கும் இடையே ஒருவரையேனும் நோகச் செய்யாமல் தீர்ப்பளிக்க அதனால் இயலவில்லை. அஞ்சல் வண்டியைக் கொள்ளையிட்டவன் கையை அடக்கியிருந்தால் வழக்கே எழுந்திராது.

எளிய வணிகருக்குச் சில குறிப்புகள்

பன்னாட்டு வணிகச் சட்டத்தில் ஒரு குறை தொடர்ந்து பேசப்படுகிறது. அதன் விதிகளைப் பெரும்பாலும் வகுத்தவர்கள் வலிய நாடுகளும் பெரும் வங்கிகளும் பெருநிறுவனங்களுமே. திருப்பூரிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ சிறு அளவில் ஏற்றுமதி செய்பவர், இலண்டனில் நடுவர் மன்றம் கூடும் என்னும் வரியில் படிக்காமலே கையொப்பமிட்டுவிட்டால், தமக்குரிய தொகையைவிட அதனைப் பெறுவதற்கான செலவு மிகுதியாகிவிடக் கூடும். தூசிக்கால் மன்றம் வணிகன் இருந்த இடத்திலேயே கூடியது என்பதை இங்கே நினைத்துப் பார்த்தல் தகும். ஆகவே அன்பர்கள் கீழ்க்காணும் நான்கையும் கருத்திற்கொள்வாராக.

முதலாவது, எந்த நாட்டுச் சட்டம் ஆளும், நடுவர் மன்றம் எங்கே கூடும் என்பவற்றைக் கையொப்பத்துக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுதல் வேண்டும். இரண்டாவது, எப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்று எழுதும்போது எந்த ஆண்டின் இன்கோடெர்ம்ஸ் என்பதையும் குறித்தல் வேண்டும். சி.ஐ.எஃப். முறையில் விற்பவர் கப்பற் கூலியும் காப்பீடும் செலுத்தினும், சரக்குக் கப்பலேறிய அப்பொழுதே இடர் வாங்குபவரைச் சேர்ந்துவிடும் என்பதைப் பலரும் அறியாதிருக்கின்றனர். மூன்றாவது, வங்கி உறுதிக் கடிதத்தின் சொற்களுக்கும் தம் ஆவணங்களின் சொற்களுக்கும் வேறுபாடு இல்லாதபடி பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். 2007 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி ஆவணங்களை ஆராய வங்கிக்கு ஐந்து வங்கி வேலைநாள்களே உண்டு; பெயரிலோ அளவிலோ நேரும் சிறு வேற்றுமையும் பணத்தை நிறுத்திவிடக் கூடும். நான்காவது, நெடுநாள் பழகிய வழக்கம் எதுவாயினும் அதனை எழுத்திற் பதிவுசெய்துகொள்ளுதல் வேண்டும். வழக்கம் கட்டுப்படுத்தும் என்று சட்டம் கூறினும், வழக்கம் இன்னதென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைக் கூறுபவருடையதே.

இப்பொழுது காகிதச் சீட்டும் மறையத் தொடங்கியுள்ளது. மின்னணு வடிவிலான கைமாற்று ஆவணங்களுக்கு ஐக்கிய நாடுகள் ஆணையம் 2017-இல் மாதிரிச் சட்டம் வகுத்தது. இங்கிலாந்து 2023-இல் மின்னணு வணிக ஆவணங்களுக்குச் சட்டமியற்றியது. காகிதத்தைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று கேட்ட சட்டம், இனி மின்னணுப் பதிவைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் யார் என்று கேட்கும். அப்பதிவை நல்ல நம்பிக்கையோடு பெற்றாரா என்னும் கேள்வி மட்டும் மாறாது.

சந்தைக் காவலரின் தடையும், ஷாவின் நற்பெயரும், மான்ஸ்ஃபீல்டின் தீர்ப்பும், வங்கியின் உறுதியும் முகமறியாதவரை நம்புதற்கு மனிதர் கண்ட வழிகள். அவற்றுள் ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில், சொன்ன சொல்லைக் காப்பவர் ஒருவர் இருப்பார் என்று எண்ணியே வகுக்கப்பட்டது. அந்த ஒருவராக நாம் இருப்போமாக.